புதுப்பிப்பு: ஓட்டோ செட்டுக்கு பென்ட்ரைவ் கேட்டிருந்தன், ஒண்டு எடுத்தாச்சு

போன மாசம் கேட்டிருந்தன்தானே, மட்டக்களப்பு டவுன்ல மலிவா எடுத்த 128 ஜிபி பென்ட்ரைவ்ல பாட்டு பாதியில நிக்குது, வேற எது நல்லம் எண்டு. பென்ட்ரைவ்ல உண்மையில எவ்வளவு இடம் கிடக்கு எண்டு பாக்கிறதுக்கு நீங்க சொன்ன எச்2டெஸ்ட்டபிள்யூ எண்ட சொஃப்ட்வெயரப் போட்டன், விடிய விடிய எழுதி வாசிச்சுப் பார்த்துட்டு உண்மையில கிடக்கிறது 8 ஜிபி கூட இல்லயாம்! மிச்சம் முழுக்க பேக்காட்டல். கடைக்காரர் மாத்தித் தரேலாது எண்டுட்டார், நானும் விட்டுட்டன்.

மறுகா கல்முனையில வாரண்டியோட கிங்ஸ்டன் 64 ஜிபி எடுத்தன். குத்தினா செட் ஒண்டும் காட்டுதில்ல, ஐயோ திரும்பவுமா எண்டு நெஞ்சு பக்கெண்டுது, பிறகுதான் விளங்கிச்சு அது எக்ஸ்ஃபேட் எண்ட ஃபோர்மட்ல வந்திருக்கு, என்ட பழைய செட் ஃபேட்32 எண்ட ஃபோர்மட் மட்டும்தான் வாசிக்கும். விண்டோஸ் 10ல ஃபோர்மட் அடிக்கப் போனா 32 ஜிபிக்கு மேல ஃபேட்32 எண்ட தெரிவே வராது, ரூஃபஸ் எண்ட சொஃப்ட்வெயர் போட்டுத்தான் மாத்தினன்.

உண்மையச் சொன்னா 32 ஜிபியே காணும். 320 கேபிபிஎஸ் தரத்துல எம்பி3 எண்டா, நாலு நிமிசப் பாட்டு 10 எம்பிக்கு கிட்ட, 3000 பாட்டு பிடிக்கும், ஆர் மச்சான் அவ்வளவும் கேக்கிற? பாட்டெல்லாம் லெப்டொப்லயும் ஒரு கொப்பி கிடக்கு.

நேத்து கல்லடிப் பாலத்துல இருந்து களுவாஞ்சிக்குடி மட்டும் ஒரு பாட்டும் நிக்கேல்ல.