வீட்டுச் சுவரில் ஐரோப்பிய வேலைப்பாடு: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து:
பாரிஸில் இருக்கும் அண்ணா, ஹோல் சுவரில் சட்டம் சட்டமாக வேலைப்பாடு வேண்டும் என்று படங்களாக அனுப்பித் தள்ளினார். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை வெட்டி ஒட்டலாம் என்றார் கடைக்காரர். “மாரிக்கு ஊதிவிடும், மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும்” என்று மேசன் ஐயா ஒரே போடாகப் போட்டார். தகட்டில் அச்சு வெட்டி, பலகை விளிம்பில் பிடித்து, ஈரச் சாந்தின் மேல் இழுத்து இழுத்தே சட்டங்களை எழுப்பினார். ஐரோப்பாவின் பழைய பூச்சு வேலைக்காரர்களும் நேர்கோட்டு வேலையை இப்படித்தான் செய்தார்கள் என்று சொன்னால் அண்ணா நம்புகிறார் இல்லை! குளிர்ந்த கற்சுவரை மறைக்கத்தான் அங்கே பலகை அடித்தார்கள். நமக்கு எதற்குக் குளிர்காப்பு?

முசலிப் பக்கத்திலிருந்து:
அரிப்பு என்ற ஊரில் கடலோரம் இடிந்து நிற்கும் டொரிக் மாளிகையைப் பார்த்தீர்களா? ஊரில் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய, 1800களின் தொடக்கத்தில் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டுவித்தது. தூண்கள் டொரிக் எனும் பழைய கிரேக்கப் பாணி; பெயரும் அதனால்தான். உள்ளே செங்கல், மேலே சிப்பி சுட்ட சுண்ணாம்பு. அளவை அங்கிருந்து எடுத்துப் பொருளை இங்கிருந்து எடுத்திருக்கிறார்கள். கடல் தின்றது போக மிஞ்சிய சுவரில் பூச்சு இன்னும் ஒட்டியிருக்கிறது. வீடு கட்டும் எவரும் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

ஒட்டுசுட்டானிலிருந்து:
எனக்கு இந்தப் பகட்டு பிடிக்காது. ஆனாலும் இடுப்பளவில் ஓடும் கோட்டை மட்டும் விரும்பிப் போடச் சொன்னேன். நாற்காலி முதுகு சுவரை உரசாமலிருக்க வந்த கோடு அது. அதற்குக் கீழே கடும் நிறம் பூசினால் பிள்ளைகளின் கையழுக்கும் தெரியாது. வாசல் தூணின் தலைக்குக் கொரிந்தியம் எனும் இன்னொரு கிரேக்கப் பாணியில் வரும், அகந்தஸ் செடியின் இலை வடிவம் வேண்டும் என்று மச்சான் ஒற்றைக்காலில் நின்றார். கோயில் சுதை வேலை செய்பவரைப் பிடித்தோம். அவர் தன் கைப்பழக்கத்தில் வாழைப்பூவையும் கொடியையும் வைத்துவிட்டுப் போனார். மச்சானுக்கு இன்றுவரை வித்தியாசம் தெரியவில்லை. செம்மண் தூசி அந்த இலை மடிப்புகளில் போய் அடைவதைத் துடைப்பது நான்தான்.

கிளிநொச்சியிலிருந்து மீண்டும்:
ஒட்டுசுட்டான் அக்கா, இனி வேலை என்றால் கூலியை நாட்கணக்கில் பேசாதீர்கள். அடிக்கணக்கில் பேசினால்தான் மழைக்கு முன்னே வேலை முடியும்.