டெனாசினுக்குத் தமிழ்ப் பெயர்: ‘தசைநாண் புரதம்’ ஏன் பொருந்தாது

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

திசுக்களில் உயிரணுக்களுக்கு வெளியே, அவற்றைச் சூழ்ந்து காணப்படும் டெனாசின் என்னும் புரதத்துக்குத் ‘தசைநாண் புரதம்’, ‘ஒட்டுப்புரதம்’, ‘அறுகரப் புரதம்’ என மூன்று பெயர்கள் இந்த இழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் அப்புரதத்தின் இயல்போடு வைத்துப் பார்த்தேன். மூன்றுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார் வேறு. பேச்சுவழக்கில் இரண்டையும் ‘நரம்பு’ என்றே பலர் சொல்லிவிடுகிறார்கள் என்பதால் இந்த வேறுபாட்டை நாம் எழுத்திலாவது காக்க வேண்டும். தசைநாணில் மிகுந்திருப்பதும் இழுவிசையைத் தாங்குவதும் முதல் வகைக் கொலாஜன் என்னும் நார்ப்புரதம். ஆகவே ‘தசைநாண் புரதம்’ என்று கேட்கும் மாணவர் கொலாஜனைத்தான் நினைப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இந்தப் பெயரை அறிவியல் உலகமே ஒருமுறை வைத்துப் பார்த்துக் கைவிட்டிருக்கிறது. 1984-இல் மத்தியாஸ் ஷிகேயும் டக்ளஸ் ஃபாம்பரோவும் கோழிக் கருவில், தசையும் நாணும் சேரும் இடத்தில் இப்புரதத்தைக் கண்டு, அந்த இடத்தைக் கொண்டே அதற்குப் பெயரிட்டனர். அதே காலத்தில் மூளைப் புற்றுக்கட்டிகளை ஆராய்ந்தவர்களும் நரம்பு மண்டலத்தை ஆராய்ந்தவர்களும் இதே புரதத்தைக் கண்டு வெவ்வேறு பெயர்களில் அழைத்து வந்தனர். 1986-இல் ரூத் ஷிகே-எரிஸ்மனும் உடன் ஆய்ந்தவர்களும் ‘டெனாசின்’ என்ற பெயரைச் சூட்டினர். பிடித்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினை ஒன்றும், பிறத்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினை ஒன்றும் அதில் இணைந்துள்ளன. முதல் வினை தசைநாணை நினைவூட்டுகிறது. இரண்டாவது கருவளர்ச்சியை நினைவூட்டுகிறது. நம் முன்மொழிவுகள் எல்லாம் முதல் பாதியையே பற்றிக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டன. எனக்கோ இரண்டாம் பாதியே இப்புரதத்தின் உயிர்நிலை என்று தோன்றுகிறது.

டெனாசினில் சி, ஆர், எக்ஸ், டபிள்யூ என வகைகள் உண்டு. அவற்றில் முதலில் கண்டறியப்பட்ட டெனாசின்-சி எப்போது தோன்றுகிறது என்று பாருங்கள். கருவில் திசுக்கள் உருவாகும்போது அது மிகுதியாகச் சுரக்கிறது. வளர்ந்த உடலில் பெரும்பாலான திசுக்களில் அரிதாகிவிடுகிறது. தசைநாண் போல ஓயாமல் இழுவிசைக்கு உள்ளாகும் சில இடங்களிலும், எலும்பு மச்சை போலக் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) வாழும் இடங்களிலும் மட்டும் தங்குகிறது. எலிகளின் காலை அசையாமல் கட்டிவைத்தபோது அதன் அளவு குறைந்ததும், மீண்டும் ஓடவிட்டபோது கூடியதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. தோலில் காயம் பட்டால் அதன் விளிம்பில் தோன்றி, ஆறியபின் மறைகிறது. மறைய வேண்டிய நேரத்தில் மறையாதபோது அதுவே நோயின் பகுதியாகிவிடுகிறது: முடக்குவாத மூட்டுகளில் அது நோய் எதிர்ப்பு அணுக்களின் ஏற்பி ஒன்றைத் தூண்டி அழற்சியை நீட்டிக்கிறது என்று 2009-இல் காட்டப்பட்டது, பல புற்றுக்கட்டிகளைச் சூழ்ந்த திசுவிலும் அது குவிந்து கிடக்கிறது. இவை அனைத்திலும் பொதுவாக இருப்பது ஒன்றே: ஒரு திசு உருவாகிற அல்லது மீண்டும் உருவாக முயல்கிற தருணம்.

‘ஒட்டுப்புரதம்’ என்பது நேர்மாறான பொருளைத் தந்துவிடும். உயிரணுக்கள் ஒட்டிக்கொள்ள உதவும் ஃபைப்ரோனெக்டின் என்னும் புரதத்தின்மீது அவை ஒட்டிப் படர்வதை டெனாசின்-சி பல சூழல்களில் தளர்த்துகிறது. அணுக்கள் இடம்பெயர அந்தத் தளர்ச்சி தேவைப்படுகிறது. ‘அறுகரப் புரதம்’ அழகான பெயர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மின்னணு நுண்ணோக்கியில் ஒரு மையத்திலிருந்து ஆறு கைகள் விரிந்திருப்பதைப் பார்த்தவர்கள் 1984-இல் அதே பொருளில் கிரேக்கப் பெயர் ஒன்றும் வைத்தார்கள். ஆனால் டெனாசின்-எக்ஸ் மூன்று கைகளோடு அமைவது. அதை அறுகரம் என்று அழைத்தால் பெயரிலேயே பிழை சேர்ந்துவிடும்.

எனவே ‘முகிழ்புரதம்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். இது வினைத்தொகை. முகிழ்த்த புரதம், முகிழ்க்கின்ற புரதம், முகிழ்க்கும் புரதம் என முக்காலத்தையும் ஒரே சொல் அடக்கிக்கொள்கிறது: கருவில் அன்று முகிழ்த்தது, காயத்தில் இன்று முகிழ்க்கிறது, தேவை வந்தால் நாளையும் முகிழ்க்கும். காலம் காட்டாமல் காலத்தை உள்ளடக்கும் இந்த இலக்கண வசதி நம் மொழியில் இருக்கும்போது, இலத்தீன் சொல்லின் இரு பாதிகளையும் அப்படியே பெயர்த்து ‘நாண்பிறவி’ என்பது போன்ற ஒன்றை ஒட்டவைக்க வேண்டியதில்லை. வினைத்தொகை என்பதால் இடையில் வல்லினம் மிகாது. ‘முகிழ்ப்புரதம்’ என்று எழுதுவது தவறு.

ஒரு மறுப்பை நானே எழுப்ப வேண்டும். டெனாசின்-ஆர் வளர்ந்தோரின் மூளையிலும், டெனாசின்-எக்ஸ் வளர்ந்தோரின் தோல், தசை ஆகியவற்றின் இணைப்புத் திசுவிலும் நிலைத்திருப்பவை. அவற்றுக்கு ‘முகிழ்’ முழுமையாகப் பொருந்துமா என்று கேட்கலாம். முழுமையாகப் பொருந்தாது. ஆயினும் அவையும் வளர்ச்சியின்போது தோன்றுபவை என்பதால் பெயர் பொய்யாகிவிடவில்லை. மூளையில் இருக்கும் புரதத்தைத் ‘தசைநாண்’ என்று அழைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இதில் நோயாளியின் நலனும் அடங்கியிருக்கிறது. டெனாசின்-எக்ஸ் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும், தோல் இழுத்தால் நீளும், எளிதில் கன்றிப்போகும். இது ஏலர்ஸ்-டான்லோஸ் நோய்த்தொகுதியின் ஒரு வகை. அதன் மரபணு, அட்ரினல் சுரப்பிக்குத் தேவையான நொதி ஒன்றின் மரபணுவை ஒட்டி ஆறாம் குரோமோசோமில் இருப்பதால், இரண்டும் சேர்ந்தே பழுதுபடுவதும் உண்டு. மருத்துவக் குறிப்பில் இதைத் ‘தசைநாண் புரதக் குறைபாடு’ என்று எழுதினால், படிப்பவர் தம் தோலையும் மூட்டையும் கவனிக்காமல் குதிகால் நாணை மட்டும் நினைத்துக் கவலைப்படுவார்.

மரபணுக் குறியீடுகளிலும் ஆய்வகப் பெயர்களிலும் ‘டெனாசின்’ என்பதே ஒலிபெயர்ப்பாக நிற்கட்டும். சி, ஆர், எக்ஸ், டபிள்யூ என்ற எழுத்துகளையும் மாற்ற வேண்டாம். பாடநூலிலும் மருத்துவ விளக்கத்திலும் முதல் முறை ‘முகிழ்புரதம் எனப்படும் டெனாசின்’ என்றும், பின்னர் ‘முகிழ்புரதம்-எக்ஸ் குறைபாடு’ என்பது போலவும் எழுதலாம். இதனினும் பொருத்தமான வேர்ச்சொல் யாருக்கேனும் தோன்றினால், காரணத்தோடு எழுதுமாறு வேண்டுகிறேன்.