இன்கமிங் காலுக்கு யார் காசு கொடுப்பது?

கோட்டையூரான்:
போன வியாழக்கிழமை எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டு ஆயாவுக்கு சிலிண்டர் வந்தது. கொண்டுவந்த பையன் சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமலே ரகசிய எண்ணைக் கேட்கிறான். ஆயாவின் போனில் ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? மாதக்கணக்கில் ரீசார்ஜ் செய்யாமல் கிடந்து அந்த நம்பர் போய்விட்டது. என் போனிலிருந்து ஆயாவின் நம்பருக்கே அடித்துப் பார்த்தேன். யாரோ ஒருவன் எடுத்தான். "ஆமாண்ணே, இப்பத்தான் ஏதோ நம்பர் வந்துச்சு" என்று படித்தும் காட்டினான். நல்ல பிள்ளை. நாளைக்கு ஆயாவின் பாங்க் ஓடிபியும் அவனுக்குத்தான் போகும். அந்த நம்பர் கிடைக்கிறவனெல்லாம் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டுமே.

ஆயாவுக்கு முதியோர் உதவித்தொகை மாதம் 1200 ரூபாய். 2024 ஜூலை விலையேற்றத்தில் ஏர்டெலின் ஆரம்ப பேக் 28 நாளைக்கு 199 ஆனது. 28 நாள் கணக்கில் வருஷத்துக்கு 13 தடவை, 2587 ரூபாய். இரண்டு மாத உதவித்தொகை கொடுத்தாலும் கையிலிருந்து இன்னும் 187 போட வேண்டும். அமெரிக்காவில் லைஃப்லைன் என்று 1985 முதல் ஏழைகளின் போன் கட்டணத்துக்கு மானியம் இருக்கிறது. பரம ஏழைகளுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டைக்காரர்களுக்கும் உதவித்தொகை வாங்குபவர்களுக்கும் இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்கிறேன். டேட்டா வேண்டாம், போனும் வேண்டாம். கால் வரட்டும், மெசேஜ் வரட்டும்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, ஆயா கதை மனதைத் தொடுகிறது. ஆனால் கதையை வைத்துத் திட்டம் போடக்கூடாது. 2006-ல் இலவச கலர் டிவி வந்தது. 2016 தேர்தல் அறிக்கையில் அ.தி.மு.க. ரேஷன் அட்டைக்கு ஒரு கைபேசி என்றது. யார் வீட்டுக்காவது வந்ததா? ராஜஸ்தானில் 2023 ஆகஸ்டில் பெண்களுக்கு இலவச ஸ்மார்ட்போன் கொடுக்க ஆரம்பித்தார்கள், டிசம்பரில் ஆட்சி மாறியது, திட்டம் நின்றது.

அப்புறம் அந்த லைஃப்லைன். 2017-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே 35 லட்சம் பேரின் விவரத்தைச் சோதித்து, அதில் 36 சதவீதம் பேருக்குத் தகுதி இருக்கிறதா என்று உறுதி செய்ய முடியவில்லை என்று சொன்னது. அதை இங்கே கொண்டுவந்தால் யார் சாப்பிடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

டல்லாஸ் ஆச்சி:
அண்ணே, பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்களே. "உறுதி செய்ய முடியவில்லை" என்பது வேறு, "தகுதி இல்லை" என்பது வேறு. தகுதியை அப்போது போன் கம்பெனிகளே பார்த்துக்கொண்டன. ஆள் சேர்த்தால் தனக்குப் பணம் வரும் என்கிறவனிடமே சோதனையையும் கொடுத்தால் எப்படி? அப்புறம் அந்த வேலையைக் கம்பெனிகளிடமிருந்து எடுத்துப் பொதுவான ஒரு சரிபார்ப்பு முறைக்கு மாற்றினார்கள்.

இங்கே இதை "ஒபாமா போன்" என்று கேலி செய்வார்கள். ஆரம்பித்தது அதிபர் ரீகன் காலத்தில். அப்போது வீட்டு லேண்ட்லைனுக்குத்தான். செல்போன் 2005-க்கு அப்புறம் சேர்ந்தது. கொடுப்பது பொதுவாக மாதம் 9.25 டாலர் வரை, வீட்டுக்கு ஒன்று. அதை வைத்து யாரும் மாளிகை கட்டவில்லை. கொரோனா காலத்தில் இன்டர்நெட்டுக்கு மாதம் 30 டாலர் வரை தனியாகக் கொடுத்தார்கள். 2 கோடியே 30 லட்சம் வீடுகள் சேர்ந்தன. பணம் தீர்ந்துபோய் 2024 ஜூனில் அது நின்றுவிட்டது. லைஃப்லைன் இன்னும் ஓடுகிறது. முன்னது நாடாளுமன்றம் ஒதுக்கிய பணம். லைஃப்லைனுக்கு எங்கள் போன் பில்லிலேயே ஒரு சிறு தொகை பிடிக்கிறார்கள். அதை எதிர்த்துப் போட்ட வழக்கும் 2025 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் 6-க்கு 3 என்று தோற்றது.

திண்ணை:
நம் ஊரிலும் அந்த உண்டியல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கம்பெனிகள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தைக் கிராமத் தொலைபேசிக்கென்று மத்திய அரசிடம் கட்டுகின்றன. 2002-லிருந்து நடக்கிறது. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. முதலில் கிராமப் பொதுத் தொலைபேசிக்கும் கிராமத்து வீட்டு லேண்ட்லைனுக்கும் அதிலிருந்து மானியம் கொடுத்தார்கள். அப்புறம் டவர், கேபிள் என்று போய்விட்டது. எங்கள் ஊருக்கு டவர் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. டவருக்குக் கீழே குடியிருக்கிற ஆளின் போன்தான் ஊமையாகக் கிடக்கிறது.

பள்ளத்தூர் ரீசார்ஜ் கடை:
நான் கடை போட்டு 19 வருஷம். கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன், யார் கட்சியும் இல்லை.

ஒரு காலத்தில் லைஃப்டைம் சிம் விற்றேன். ஒரு தடவை காசு கட்டினால் ஆயுசுக்கும் இன்கமிங் என்று நானே வாய் கிழியச் சொல்லி விற்றது. 2018 கடைசியில் 35 ரூபாய் போடாவிட்டால் இன்கமிங் நிற்கும் என்றார்கள். வாங்கினவர்கள் கம்பெனிக்காரனையா தேடிப் போவார்கள்? என் கடை வாசலில்தான் வந்து சண்டை. அந்த 35 ஏறி ஏறி 2024-ல் 199-ல் வந்து நின்றது.

கோட்டையூர் தம்பிக்கு ஒன்று. போனில் 20 ரூபாய் மெயின் பேலன்ஸ் கிடந்திருந்தால் ஆயாவின் நம்பர் அவ்வளவு சீக்கிரம் போயிருக்காது. 90 நாள் உபயோகமே இல்லாவிட்டாலும் அதில் 20 ரூபாய் எடுத்துக்கொண்டு 30 நாள் நம்பரை வைத்திருக்க வேண்டும், 2013-லிருந்து விதி. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் நம்பர்தான் இருக்கும். பேக் போடாமல் கால் வரும் என்று நினைக்க வேண்டாம்.

2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் உத்தரவு போட்டது, டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் மெசேஜுக்கும் மட்டும் பேக் வேண்டும் என்று. வந்தது. ஜியோ 84 நாளைக்கு 458 என்று வைத்து 448 ஆக்கியது, ஏர்டெல் 499 வைத்து 469 ஆக்கியது. கணக்குப் பார்த்தால் லாபம்தான், 28 நாளைக்குச் சுமார் 150 வருகிறது. ஆனால் என் கடைக்கு வருகிறவர் கையில் 448 மொத்தமாக இருக்காது. ஷாம்பு பாக்கெட் வாங்குகிறவரிடம் பெரிய பாட்டிலில் லிட்டருக்கு எவ்வளவு மிச்சம் என்று சொல்லி என்ன பயன்?

கணக்குப்பிள்ளை:
கடைக்காரர் 2018-ஐச் சொன்னார், ஏன் 2018 என்று சொல்லவில்லை. 2003 மே மாதம் இன்கமிங் இலவசமானபோது அது தானதர்மம் இல்லை. கூப்பிடுகிறவரின் கம்பெனி, எடுக்கிறவரின் கம்பெனிக்கு நிமிஷத்துக்கு இவ்வளவு பைசா என்று கொடுத்தது. ஆயா யாரையும் கூப்பிடாவிட்டாலும், பிள்ளைகள் ஆயாவைக் கூப்பிட்டால் ஆயாவின் கம்பெனிக்கு வரவு இருந்தது. அந்தப் பைசா 14 ஆக இருந்தது. 2017 அக்டோபரில் 6 ஆக்கினார்கள், 2021 ஜனவரியிலிருந்து சுழி. வரவு நின்றால் வாடகை கேட்கத்தான் செய்வான். வட்டிக்கடை நடத்திய செட்டிநாட்டு வம்சத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே மானியம் கொடுத்தால் அது ஆயாவுக்குப் போகாது, கம்பெனிக்குப் போகும். அரசு 150 தருகிறது என்று தெரிந்தால் பேக் விலை 250 ஆகும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டாங்கி:
ஆம்பளைங்க எல்லாரும் கணக்குப் போடுகிறீர்கள், போன் யார் கையில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. 2023-ல் மகளிர் உரிமைத் தொகை நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணத்தைக் குறுஞ்செய்தியில்தான் அனுப்பினார்கள். அது வந்து 30 நாளுக்குள் இ-சேவையில் மேல்முறையீடு செய்ய வேண்டும். எங்கள் தறித் தெருவில் ஒரு அக்கா விண்ணப்பத்தில் கொடுத்தது வீட்டுக்காரர் நம்பர். அவர் திருப்பூரில் வேலை. மெசேஜ் அங்கே போய், அவர் பார்க்காமல், அது தீபாவளி ஆஃபர் மெசேஜ்களோடு கிடந்தது. தீபாவளிக்கு வந்தவரின் போனைப் பிள்ளை நோண்டும்போதுதான் தெரிந்தது. 30 நாள் எப்போதோ முடிந்துவிட்டது.

டல்லாஸ் ஆச்சி சொன்ன மாதிரி வீட்டுக்கு ஒன்று என்று வைத்தால் அந்த ஒன்றும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். கொடுத்தால் பெண் பெயரில் உள்ள நம்பருக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

சும்மாஒருத்தன்:
இதற்குப் போய் இவ்வளவு பேச்சா? விலை குறைந்த கம்பெனிக்கு மாறிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோட்டையூரான்:
மாற்றிப் பார்த்தாயிற்று. சிக்னல் மொட்டை மாடியில்தான் கிடைக்கிறது. ஆயாவுக்கு முழங்கால் வலி.

வளவுக்காரர் மகன்:
நான் வளவு வீட்டுச் செட்டியார் மகன் இல்லை, வளவைக் கூட்டிப் பெருக்குகிறவர் மகன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டை அப்பா 22 வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடந்தால் ஒரு தெரு தாண்டிய மாதிரி இருக்கும். முதலாளி குடும்பம் சிங்கப்பூரில். அப்பாவின் போனுக்கு அங்கிருந்துதான் ரீசார்ஜ் வரும். நல்ல மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. அது அவர்களுக்காக ஓடுகிற போன். மழை பெய்தால் "ஓடு ஒழுகுகிறதா" என்று கால் வரும். வீட்டைப் பார்க்க ஆள் வந்தால் கால் வரும். வைகாசியில் ரீசார்ஜ் போட மறந்துவிட்டார்கள். அப்பா கேட்கக் கூச்சப்பட்டு ஒன்பது நாள் சும்மா இருந்தார். பத்தாம் நாள் பக்கத்து வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டு, "ஏன் போனை எடுக்கமாட்டேங்கிறே" என்று கேட்டார்கள். அந்த ஒன்பது நாளில் என் தங்கை பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அப்பாவுக்குச் சொல்ல நான் புதுவயலிலிருந்து பைக் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

கணக்குப்பிள்ளை ஐயா, நீங்கள் மானியம் கூடாது என்கிறீர்கள். அப்பா 22 வருஷமாக மானிய போனில்தான் இருக்கிறார். கொடுப்பவர் அரசு இல்லை, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
தங்கையும் குழந்தையும் நலமா? முதலில் அதைச் சொல்.

வளவுக்காரர் மகன்:
நலம் ஐயா. பெண் குழந்தை.

கணக்குப்பிள்ளை:
சந்தோஷம். சரி, நான் ஒரு படி இறங்கி வருகிறேன். மானியம் என்ற சொல்லை விட்டுவிடுவோம். கம்பெனியிடம் பணம் கொடுக்காதீர்கள், விதி போடுங்கள். உதவித்தொகையோ அரிசியோ போகிற நம்பர் என்று அரசுப் பதிவில் இருந்தால், பேக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசு, பாங்க், கேஸ் அனுப்பும் மெசேஜ் வந்து சேர வேண்டும். அந்த நம்பரை இன்னொருவருக்கு விற்கக் கூடாது. மெசேஜ் அனுப்புகிறவனிடம் கம்பெனி ஏற்கெனவே காசு வாங்குகிறது. பெறுகிறவரிடமும் ஏன் வாங்க வேண்டும்?

கோட்டையூரான்:
ஐயா, இதைத்தானே நான் முதலிலேயே கேட்டேன்!

கணக்குப்பிள்ளை:
நீ போன் காலையும் சேர்த்துக் கேட்டாய். காலுக்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

வளவுக்காரர் மகன்:
பிரசவச் செய்தியை யாரும் ஓடிபியில் அனுப்ப மாட்டார்கள் ஐயா.

டல்லாஸ் ஆச்சி:
கால் இல்லாவிட்டால் பாதிக் கிணறுதான். கண்டாங்கி சொன்னதையும் யாரும் தொடவில்லை. அந்த நம்பர் யார் பெயரில் இருக்கும்? அண்ணே, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
யோசிக்கிறேன். என் வீட்டு சிம் மூன்றும் என் பெயரில்தான் இருக்கின்றன, இப்போதுதான் பார்த்தேன்.

கண்டாங்கி:
உங்கள் வீட்டு ஆச்சியிடம் காட்டிவிடாதீர்கள் ஐயா.

பள்ளத்தூர் ரீசார்ஜ் கடை:
நடுவில் ஒன்று. கோட்டையூர் தம்பி, ஆயாவைக் கூட்டிக்கொண்டு வா. கையோடு ஆதாரும் பாங்க் பாஸ்புக்கும் கேஸ் புத்தகமும் எடுத்து வா. புது சிம் போட்டுத் தருகிறேன். ஆனால் பாங்கிலும் கேஸ் ஏஜென்சியிலும் நம்பர் மாற்ற நீதான் அலைய வேண்டும். ஆதாரில் மாற்ற மையத்துக்குப் போனால் வரிசையில் நிற்க வேண்டும், காலையிலேயே டோக்கன் வாங்கிவிடு. மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் நான் போட்டு வைக்கிறேன். அதைத் தொட வேண்டாம் என்று ஆயாவிடம் சொல்லிவிடு.

கோட்டையூரான்:
நாளை பத்து மணிக்கு வருகிறேன் அண்ணே. பழைய நம்பர்தான் வேண்டும் என்கிறார் ஆயா. அதை மட்டும்தான் மனப்பாடமாகத் தெரியுமாம்.