தலைக்கு மேலே தாழப் பறந்த ஹெலிகாப்டர்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வள்ளவிளைக்காரன்:
ஒக்கிப் புயல் நேரம் கடல் எப்படிக் கிடந்தது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், விரிக்கவில்லை. கவிழ்ந்த வள்ளத்தின் மேல் நானும் சித்தப்பா மகனும் கிடந்தோம். ஹெலிகாப்டர் முதலில் எங்களைக் காணாமலே தாண்டிப் போனது, வெள்ளை வள்ளம், சுற்றிலும் வெள்ளை நுரை. பிறகு திரும்பி வந்து இறங்கியது பாருங்கள், அந்த நிமிடம்தான் இன்றைக்கும் மனதை விட்டுப் போகவில்லை. காற்றும் தண்ணீரும் மணலை வாரி அடித்ததுபோல முகத்தில் அடிக்கிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை, வள்ளம் எங்களையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகிறது. கம்பியில் தொங்கியவர் வள்ளத்தை விட்டுத் தண்ணீரில் குதிக்கச் சொல்லிக் கையைக் காட்டுகிறார். ராத்திரி முழுக்க உயிரைக் காத்த வள்ளம், அதை எப்படி விடுவது? தம்பி குதித்தான், அப்புறம் நான். ஏன் அப்படிச் சொன்னார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சின்னத்துறை மகள்:
அண்ணன் பிழைத்து வந்தது கடவுள் புண்ணியம். கரையில் நின்ற எங்களுக்கு அந்தச் சத்தமே வேறு. கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடுவோம். ஒன்று கதவு திறந்தபடி, உள்ளே இருந்தவர் முகம் தெரியும் அளவுக்குத் தாழ, கரையோரமாகவே போனது. எங்கள் ஆட்கள் தங்கலுக்கு, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போனவர்கள், லட்சத்தீவுப் பக்கம் போய்த் தேடுங்கள் என்று அம்மா மேலே பார்த்துக் கத்தினாள். மீனவர்களையே கப்பலில் ஏற்றித் தேடப் போனது பிறகுதான். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும், எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழைய மெக்கானிக், நாகர்கோவில்:
ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்தவன் நான். ஒத்திகையில் மேலிருந்து வந்த கொக்கியைத் தரையில் படுவதற்கு முன்னே ஒரு பையன் பிடித்துவிட்டான், பறக்கும்போது ஹெலிகாப்டரில் சேரும் நிலைமின்சாரம் அடித்துத் தூக்கி எறிந்தது. என் அனுபவம் அவ்வளவுதான்.

தங்கச்சி, மீனவர்களை முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கரையோரம் பறந்ததை அக்கறையின்மை என்று சொல்வதை ஏற்க முடியாது. ஆழ்கடலுக்குப் போய், தேடி, ஆளைத் தூக்கித் திரும்பவும் எரிபொருள் வேண்டும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்க, முன்னோக்கிப் பறப்பதைவிட அதிக சக்தி செலவாகும். அதனால்தான் தூரத்துக்கு டோர்னியர் மாதிரி விமானம் போய்ப் பார்க்கும், ஹெலிகாப்டர் கப்பலில் இருந்து கிளம்பும்.

வள்ளவிளை அண்ணன் கேட்டதற்கு: ரோட்டர் காற்றில் சின்ன வள்ளம் உருண்டு ஆளை அடித்துவிடும், கொடிக்கம்பிலோ வலையிலோ கம்பி சிக்கினால் ஹெலிகாப்டருக்கே ஆபத்து. ஆகவே திறந்த தண்ணீரில் தூக்குவார்கள். தொழிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இதைக் கேளுங்கள்: கொக்கி முதலில் கடலில் தொடட்டும், அப்புறம் பிடியுங்கள். அதை வள்ளத்தில் எந்தக் காரணத்துக்கும் கட்டாதீர்கள். வார் மாட்டியபின் கையைத் தூக்கினால் நழுவி விழுவீர்கள், கை உடம்போடு ஒட்டியே இருக்கட்டும். வள்ளத்தின் அடிப்பக்கத்துக்கு ஆரஞ்சு பெயிண்ட் அடியுங்கள், கவிழ்ந்தால் மேலே தெரிவது அதுதான். ஒரு சின்னக் கண்ணாடி இடுப்பில் இருக்கட்டும், வெயிலில் அதன் மினுக்கம் வெகுதூரம் தெரியும்.

குலசேகரம் பால்வெட்டு:
கடல் கதை நடுவே மலைக் கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். புனலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் ரப்பர் வெட்டப் போயிருந்தேன். மழைக்கு முன்னால் இலையுதிர் நோய்க்கு ஹெலிகாப்டரில் மருந்து தெளிப்பார்கள், காப்பர் ஆக்சிகுளோரைடை எண்ணெயில் கலந்து, காற்று எழும்பாத காலை நேரத்தில். மரத்தின் தலையை உரசுகிற மாதிரி வரும், கீழ்நோக்கி அடிக்கும் காற்றில் கொப்பெல்லாம் விலகி மருந்து உள்ளே இறங்கும். வேலை சுத்தம், ஏணி வைத்து யாரும் அப்படி அடிக்க முடியாது. ஆனால் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்குப் பின்னால் கொடியில் கிடந்த கைக்குழந்தைத் துணி முழுக்கப் பச்சைப் பொட்டு, துவைத்தும் போகவில்லை. காசர்கோட்டில் முந்திரித் தோட்டத்தில் எண்டோசல்ஃபான் பூச்சிமருந்தை இப்படித்தான் மேலிருந்து தெளித்தார்கள், அந்த ஊர்ப் பிள்ளைகள் பட்டது நமக்குத் தெரியும். இது வேறு மருந்து, பூஞ்சைக்கானது, சரி. என்றாலும் கிணற்றை மூடு, துணியை எடு, பிள்ளைகளை உள்ளே வை என்று முந்தின நாள் சாயங்காலமே லயத்தில் வந்து சொல்ல ஒரு ஆள் போதுமே, ஏன் சொல்லவில்லை?