பழைய செப்புக்காசுகளைத் துலக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தை வாசகன்

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் குடியிருக்கிறோம். சென்ற மாதம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காக அலுமாரிகளை நகர்த்தியபோது, அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது கொண்டுவந்த தகரப்பெட்டி கைக்கு வந்தது. அதனுள் பழஞ்சீலைத் துண்டில் முடிந்த ஐம்பத்திரண்டு காசுகளும் ஒரு சாண் உயரமுள்ள பித்தளைக் குத்துவிளக்கும் இருந்தன. காசுகளில் பெரும்பாலானவை விக்டோரியா அரசியின் தலையும், மறுபுறம் பனையினத்து மரமொன்றும் சிங்கள, தமிழ் எழுத்துகளும் பொறித்த 1870ஆம் ஆண்டுச் சதங்கள். யானை பொறித்த 1815ஆம் ஆண்டுக் காசுகள் இரண்டும், வி.ஓ.சி. முத்திரையுள்ள ஒல்லாந்தர் காசுகள் நான்கும், சதுர வடிவான ஐந்து சதங்கள் சிலவும் உள்ளன.

ஆர்வமிகுதியால் ஒரு சதத்தைப் பழப்புளியும் உப்பும் இட்டுத் தேய்த்தேன். கபில நிறம் போய்க் காசு இளஞ்சிவப்பாக வந்துவிட்டது. அரசியின் கூந்தல் வரிகள் முன்னிலும் மங்கலாகத் தெரிகின்றன. இரண்டு கிழமைக்குள் அதே காசில் வெளிர்பச்சைப் புள்ளிகளும் தோன்றியுள்ளன. தேய்க்காத மற்றக் காசுகளில் அப்படி எதுவும் இல்லை. மிகுதியை என்ன செய்வது, கடற்காற்று வீசும் வீட்டில் எப்படி வைப்பது, விளக்கையும் அப்படியே விட்டுவிட வேண்டுமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா அடுத்த மாதம் வரும்போது சிலவற்றைத் தன்னோடு கொண்டுபோக விரும்புகிறார்.

பதில் 1: கொட்டாஞ்சேனைச் சேகரிப்பாளர்

தம்பி, இனி ஒரு காசையும் தேய்க்காதீர்கள். நான் முப்பது ஆண்டுகளாகச் செப்புக்காசு சேர்க்கிறேன். நீங்கள் செய்த பிழையை நானும் செய்து, நல்ல காசுகள் பலவற்றை இழந்திருக்கிறேன் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காசின் மேல் தெரியும் கபில நிறம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கன்று. அந்தச் செம்பின் மேற்பரப்பே பல்லாண்டுகளாகக் காற்றோடு கூடி ஒட்சைட்டாக மாறி, உள்ளே இருக்கும் உலோகத்துக்குத் தோலாக நிற்கிறது. புளியிலுள்ள அமிலம் அந்தத் தோலைக் கரைத்துவிடுகிறது. விரலின் தேய்ப்பு, அச்சில் எழும்பி நின்ற நுண்ணிய வரிகளையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. நீங்கள் இட்ட உப்பு இன்னொரு கேட்டையும் செய்தது. உப்பு குளோரைட்டு, அது காசின் நுண்துளைகளில் தங்கி, ஈரத்தோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து செம்பை அரிக்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் கண்ட வெளிர்பச்சைப் புள்ளிகள் அதன் அடையாளம்.

சைவ சித்தாந்தம் கேட்டு வளர்ந்த நமக்குச் செம்பிற் களிம்பு, அதாவது செம்பின் மேல் படியும் மாசு, என்றாலே உயிரைப் பற்றிய மலத்தைப்போல நீக்கவேண்டியது என்ற எண்ணம்தான் முதலில் வரும். காசு சேர்ப்பவர் இருவகைக் களிம்பைப் பிரித்தறிய வேண்டும். கரும்பச்சையாகவோ கபிலமாகவோ வழவழப்பாக, இறுகப் படிந்திருப்பது காசைக் காக்கும், அதைத் தொடக்கூடாது. வெளிர்பச்சையாக, ஈர்க்கு நுனியால் மெல்லத் தொட்டாலே மாவாக உதிர்வது காசைத் தின்னும். அத்தகைய காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள்.

அந்த ஒரு காசைக் காய்ச்சி வடித்த நீரில் இட்டு, நாள்தோறும் நீரை மாற்றி, இரண்டு மூன்று கிழமை ஊற விடுங்கள். குழாய் நீரில் குளோரின் கலந்திருப்பதால் அது இதற்கு உதவாது. பிறகு மென்மையான பருத்தித் துணியில் ஒற்றியெடுத்து, நன்றாக உலர்த்தி, உலர்ந்த பெட்டியில் தனியே வைத்துக் கவனியுங்கள். பச்சை மீண்டும் வந்தால் மீண்டும் ஊறப்போட வேண்டும். அரித்த குழி நிரம்பாது. அரிப்பை நிறுத்துவது மட்டுமே நம்மால் இயலும்.

வைக்கும் முறை தேய்க்காமல் இருப்பதற்கு அடுத்தபடி முக்கியமானது, கொழும்பில் இன்னும் முக்கியமானது. பல ஆண்டுகளுக்கு முன் கடையொன்றில் வாங்கிய, மென்மையான பிளாஸ்டிக் பைகள் தைத்த அல்பத்தில் என் வெள்ளிக்காசுகளையும் செப்புக்காசுகளையும் அடுக்கி வைத்தேன். மூன்றாம் ஆண்டு திறந்தபோது காசுகளின் மேல் பச்சையான, கையில் ஒட்டும் பசை படர்ந்திருந்தது. வளைந்து கொடுக்கும், கடுமணம் வீசும் அந்தப் பைகள் பி.வி.சி.யால் ஆனவை, வெப்பத்தில் அதிலிருந்து கசியும் எண்ணெயும் அமிலமும் காசைக் கெடுக்கும். தூய அசிற்றோனில் நனைத்து அந்தப் பசையைப் போக்கினேன். அது நெருப்புப் பற்றும் திரவமாகையால் அடுப்பில்லாத, காற்றோட்டமான இடத்திலேயே பயன்படுத்த வேண்டும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் வேறு பொருள்களும் கலந்திருப்பதால் அதைப் பயன்படுத்தக்கூடாது. இப்போது மைலார் என்னும் தெளிந்த பிளாஸ்டிக் தாளால் ஆன சாளரமுள்ள அட்டை உறைகளில் ஒவ்வொரு காசையும் தனித்தனியே இட்டு, இறுக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைக்கிறேன். நிறம் மாறும் வகை மணிகளை வாங்கினால் அவை ஈரம் குடித்துவிட்டதைக் கண்ணாலேயே அறிந்து, சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். இறப்பர் வளையங்களால் கட்டவேண்டாம். அவற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

உங்கள் ஒல்லாந்தர் காசுகளைப் பற்றி ஒரு சொல். வி.ஓ.சி. என்பது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. அவர்கள் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினார்கள். அக்காசின் பெயர் டொயிட்; நாம் பேச்சில் வழங்கும் துட்டு என்ற சொல் அதிலிருந்து வந்ததே. மறுபுறத்திலுள்ள கேடயச் சின்னத்தைக் கொண்டு அது நெதர்லாந்தின் எந்த மாகாணத்துக்காக அடிக்கப்பட்டது என்று அறியலாம். தனிச்சிங்கம் நிமிர்ந்து நின்றால் ஒல்லாந்து மாகாணமாக இருக்கலாம். சதுர ஐந்து சதம் 1909இல் தொடங்கிய செப்பு-நிக்கல் காசு. அது எளிதில் கெடாது. ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் கொழும்பு 7இல் உள்ள தேசிய நூதனசாலைக்கும், கோட்டையில் மத்திய வங்கி நடத்தும் அரும்பொருட்காட்சியகத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.

பதில் 2: பம்பலப்பிட்டி ஆசிரியை

மேலே அண்ணர் சொன்னவை காசுக்கு முற்றிலும் பொருந்தும். குத்துவிளக்கின் நிலை வேறு என்பது என் கருத்து. ஏற்றி வழிபடும் விளக்கைத் துலக்குவதே அதன் வாழ்க்கை. அது கறுத்துக் கிடப்பதை உங்கள் அம்மம்மாவே விரும்பியிருக்கமாட்டார். ஆனால் முதலில் விளக்கைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். நம்மவர்கள் பித்தளைப் பாத்திரங்களில் உளியால் சிறுசிறு புள்ளிகளாகப் பெயர் வெட்டுவிக்கும் வழக்கம் உண்டு. எங்கள் வீட்டுச் செம்பொன்றில் பூட்டியின் பெயர் இருந்தது என்று அம்மா சொல்வார். நான் பார்க்கும் வயதில் சாம்பலாலும் புளியாலும் தேய்ந்து முதலெழுத்தின் வளைவு மட்டுமே மிஞ்சியிருந்தது. பெயர் இருந்தால் அந்த இடத்தில் கை வைக்காதீர்கள்.

மற்ற இடங்களிலும் புளியை நெடுநேரம் பூசி வைக்கவேண்டாம். பித்தளை என்பது செம்பும் நாகமும் (துத்தநாகமும்) கலந்தது. அமிலம் நாகத்தை முதலில் கரைப்பதால் விளக்கின் மேல் செம்பின் சிவப்பு திட்டுத்திட்டாகத் தெரியத் தொடங்கும். எண்ணெய்ப் பிசுக்கை இளஞ்சூட்டு நீரிலும் சிறிதளவு சவர்க்காரத்திலும் ஊறவைத்துப் போக்கி, உடனே துடைத்து உலர்த்தினாலே பெரும்பாலும் போதும்.

பதில் 3: கறுவாத்தோட்டம்

அண்ணா கொண்டுபோவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் விமான நிலையத்தில் அறிந்துகொள்ள வேண்டிய விடயமன்று இது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதியை, அதாவது கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான கண்டி உடன்படிக்கையின் நாளை, எல்லையாக வைத்திருக்கிறது. அதற்கு முற்பட்ட தொல்பொருளை அனுமதிப்பத்திரம் இன்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. எனவே ஒல்லாந்தர் காசுகள் ஐயமின்றி அதற்குள் அடங்கும். 1815 என்று பொறித்த யானைக்காசு சரியாக அந்த எல்லையிலேயே நிற்கிறது. அதற்குப் பிற்பட்ட பொருள்களிலும் சில 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டத்தின் கீழ் வரக்கூடும். காசுகளின் இருபக்கப் படங்களுடன் கொழும்பு 7இல் உள்ள தொல்பொருளியல் திணைக்களத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள்.

மீண்டும் கேள்வி கேட்டவர்: வெள்ளவத்தை வாசகன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. புளியிட்ட சதம் இப்போது கண்ணாடிக் குவளையில் ஊறுகிறது. இன்று நான்காம் நாள். ஒல்லாந்தர் காசுகளும் யானைக்காசுகளும் இங்கேயே இருக்கட்டும் என்று அண்ணாவே சொல்லிவிட்டார். மற்றவற்றுக்கும் திணைக்களத்தின் பதில் வந்த பிறகே முடிவெடுப்போம். விளக்கின் அடியில் பெயர் இல்லை, ஆனால் மூன்று புள்ளிகள் முக்கோணமாக வெட்டப்பட்டிருக்கின்றன.

இன்னொன்று. யானைக்காசு ஒன்றின் விளிம்பில் ஈயம் ஒட்டிய தழும்பு இருந்தது. அதை அரத்தால் அராவிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். அம்மாவிடம் காட்டியபோது, அது பூட்டியின் திறப்புக்கோவையில் தொங்கிய காசு என்றும், நெற்பெட்டகத்தின் திறப்பை இருட்டில் தடவி அறிவதற்காக வளையம் பற்றவைத்து மாட்டியிருந்தார் என்றும் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே பென்சிலால் அட்டை உறையின் மேல் எழுதி, திகதியும் இட்டு, காசை உள்ளே வைத்துவிட்டேன்.