புதுப்பிப்பு: காரைக்குடியில் வாடகை வீடு கிடைத்துவிட்டது

முத்துப்பட்டணத்தில் பழைய செட்டிநாட்டு வீட்டின் ஒரு பகுதி வாடகைக்கு வருகிறது, ஆனால் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். அந்த வீடு அமையவில்லை. பணம் காரணமில்லை. வீடு பங்காளிகள் பலருக்குப் பொது. சாவி வைத்திருப்பவர் சரி என்கிறார். சென்னையில் இருப்பவரும் மலேசியாவில் இருப்பவரும் வாயைத் திறக்கவில்லை. வளவும் (தூண்கள் சூழ்ந்த உள்முற்றம்) ஆத்தங்குடிக் கல் தரையும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. ஆனாலும் நாளைக்கு ஒரு பங்காளி வந்து "யாரைக் கேட்டுக் குடிவந்தீர்கள்?" என்றால் யாரிடம் போய் நிற்பது?

அப்புறம் செக்காலைப் பக்கம் ஒரு மாடி வீடு. அங்கேயும் பத்து மாதப் பேச்சுதான். நீங்கள் சொன்ன 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தை எடுத்துச் சொன்னேன்: வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வீட்டுக்கார ஆச்சி பொறுமையாகக் கேட்டார். "சட்டமெல்லாம் இருக்கட்டும் தம்பி, அஞ்சு மாசம் குடுத்துருங்க" என்றார். ஐந்துக்கே முடித்தேன். ஒப்பந்தத்தைப் பதியவும் ஆச்சி சம்மதித்துவிட்டார்; எனக்கு அதுதான் பெரிது.