ரியாத்தில் லென்ஸ் போட்டால் மதியத்துக்குள் கண் கரகரக்கிறது: என்ன செய்வது?

மார்த்தாண்டம்காரி:

வயது 29. ரியாத்தில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இரண்டு கண்ணுக்கும் பவர் மைனஸ் ஆறரை. எட்டு வருடமாக மாத லென்ஸ் போடுகிறேன். ஊரில் இருந்தவரை ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. காலையில் போட்டால் இரவு படுக்கும்போதுதான் லென்ஸ் ஞாபகமே வரும்.

இங்கே வந்து ஏழு மாதம் ஆகிறது. காலை ஏழு மணிக்கு டியூட்டிக்குள் நுழையும்போது கண் நன்றாகத்தான் இருக்கும். பதினொரு மணிக்கெல்லாம் லென்ஸ் உறுத்த ஆரம்பிக்கும். இரண்டு மணிக்கு மேல் மணலை வைத்துத் தேய்ப்பது போல இருக்கும். மெஷின் திரையில் எண்கள் கலங்கும். நாலைந்து தடவை இறுக்கிச் சிமிட்டினால் தெளியும். போன வாரம் லென்ஸ் கண்ணோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. பயத்தில் அழுதுவிட்டேன். அந்தக் கண்ணீரில்தான் கழன்றது.

கண்ணாடிக்கு மாறலாம் என்பீர்கள். நாள் முழுக்க மாஸ்க் போடும் வேலை. மூச்சு விடும்போதெல்லாம் கண்ணாடியில் ஆவி படிகிறது. ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) ஊசி ஏற்றும் நேரத்தில் பார்வை மறைந்தால் நோயாளியின் கை என்ன ஆகும்? அதனால்தான் லென்ஸை விட மனம் வரவில்லை.

சிவப்பு போக்கும் சொட்டு மருந்து ஒன்று விடுகிறேன். அரை மணி நேரம்தான் பலன். வேறு மருந்து எதுவும் இல்லை. புழுதித் தும்மலுக்கு இரவில் ஒரு செட்டிரிசின் மட்டும். கடையில் 58 சதவீதம் நீர் உள்ள லென்ஸை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

தம்மாம் டிரைவர்:

சகோதரி, நான் 14 வருடமாக இந்த நாட்டில் வண்டி ஓட்டுகிறேன். ஏசி காற்று முகத்துக்கு நேரே வந்தால் லென்ஸ் ஒரு மணி நேரம் தாங்காது. காற்றுத் திறப்பைக் காலைப் பார்த்துத் திருப்பிவிடுவேன். வார்டில் உங்கள் தலைக்கு மேல் ஏசி இருக்கிறதா என்று பாருங்கள். ரொம்ப உறுத்தினால் கழற்றி, பாட்டில் குடிநீரில் ஒரு முறை அலசிப் போட்டுக்கொள்வேன். உடனே இதமாகிவிடும்.

விழி ஆய்வாளர், மதுரை:

டிரைவர் அண்ணன் ஏசி பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அலசுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள் அண்ணா, மன்றாடிக் கேட்கிறேன். குழாய்த் தண்ணீரோ பாட்டில் தண்ணீரோ லென்ஸில் படவே கூடாது. தண்ணீரில் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி இருக்கலாம். லென்ஸோடு ஒட்டிக் கண்ணுக்குள் போனால் கருவிழியைத் தின்று புண்ணாக்கிவிடும். மாதக்கணக்கில் மருந்து விட்டும் பார்வை முழுதாகத் திரும்பாதவர்களை நான் நாற்காலியில் உட்கார வைத்துப் பரிசோதித்திருக்கிறேன். வேண்டாம்.

மார்த்தாண்டம் தங்கைக்கு: 58 சதவீத லென்ஸை வாங்காதீர்கள். நீர் அதிகம் என்றால் கண்ணுக்கு ஈரம் அதிகம் என்று தோன்றும். ரியாத் கோடையில் காற்றின் ஈரப்பதம் 10 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். அந்தக் காற்றில் நீர் அதிகமுள்ள லென்ஸ்தான் சீக்கிரம் காயும், காய்ந்தால் இறுகும். சிலிகான் ஹைட்ரஜெல் என்ற லென்ஸ் வகையில் பெரும்பாலும் நீர் குறைவு, ஆக்ஸிஜன் தாராளமாகப் போகும். கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது, காற்றிலிருந்துதான் அது மூச்சு வாங்குகிறது. முடிந்தால் அதிலேயே தினசரி லென்ஸாக வாங்குங்கள், படிவு சேராது.

அடுத்தது மாஸ்க். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். கண்ணாடியில் ஆவி படியவைக்கிற அதே மூச்சுக்காற்று, கண்ணாடி இல்லாதபோது எங்கே போகிறது? நேராகக் கண்மேல் வீசிக் கண்ணீரைக் காயவைக்கிறது. மாஸ்க்கின் மேல்விளிம்பை மூக்கின் மேலும் கன்னத்திலும் மருத்துவ டேப்பால் ஒட்டுங்கள். லென்ஸ் தாங்கும், ஒருவேளை கண்ணாடியிலும் ஆவி படியாமல் போகலாம்.

"வேறு மருந்து எதுவும் இல்லை" என்றீர்களே, அந்தச் செட்டிரிசினை நான் கணக்கில் சேர்க்கிறேன். மூக்கை உலர்த்தும் மாத்திரை சிலருக்குக் கண்ணையும் உலர்த்தும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மூக்கில் அடிக்கும் மருந்துக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிவப்பு போக்கும் சொட்டு ரத்தக்குழாயைச் சுருக்குகிறதே தவிர ஈரம் தருவதில்லை. விட விட, சிவப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பும். கெடாமல் காக்கும் ரசாயனம் சேர்க்காத, ஒருமுறை உடைத்துப் பயன்படுத்தும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு வாங்குங்கள். பென்சால்கோனியம் குளோரைடு என்ற அந்த வகை ரசாயனம் கலந்தது வேண்டாம். மென்லென்ஸ் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ஒட்டிக்கொண்டால் பிடுங்காதீர்கள். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டை விட்டு, மூடிய இமைமேல் மெதுவாக வருடி, லென்ஸ் நகர ஆரம்பித்த பிறகு எடுங்கள். கழற்றிய பிறகும் வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே கண் டாக்டர். மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

தம்மாம் டிரைவர்:

இத்தனை வருடம் தெரியாமலே செய்திருக்கிறேன் தம்பி. லென்ஸையும் டப்பாவையும் தூக்கிப் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை கண்ணைக் காட்டிவிடுகிறேன்.

மார்த்தாண்டம்காரி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கண் டாக்டரிடம் போனேன். மஞ்சள் சாயம் தொட்டு நீல விளக்கில் பார்த்தார். சிமிட்டிய பின் கண்ணீர்ப் படலம் நாலு விநாடியில் கிழிகிறதாம். பத்து விநாடியாவது நிற்க வேண்டுமாம். இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பிகளும் அடைத்திருக்கின்றன. தினமும் இரவு பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். மூக்கு மருந்துக்கு மாறியாயிற்று.

இரண்டு வாரம் லென்ஸே வேண்டாம் என்றதால் டேப் ஒட்டிக் கண்ணாடியோடு டியூட்டி பார்த்தேன். முதல் நாள் ஓரத்தில் கொஞ்சம் ஆவி. மறுநாள் டேப்பைக் கன்னம்வரை இழுத்து ஒட்டினேன், நின்றுவிட்டது. நேற்று பதினாறாம் நம்பர் ஊசியைக் கண்ணாடியோடுதான் ஏற்றினேன், ஒரே குத்தில். தினசரி லென்ஸ் ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை.

அண்ணா, ஒரு சந்தேகம். வார்டில் ஸ்டெரைல் சலைன் இருக்கிறது. அவசரத்துக்கு அதில் லென்ஸை அலசலாமா?

விழி ஆய்வாளர், மதுரை:

அப்போதுதான் திறந்த சலைன் என்றால் அலசலாம். ஊறவைக்கக் கூடாது, அது கிருமியைக் கொல்லாது. தினசரி லென்ஸுக்கு அந்த வேலையே இல்லை, உறுத்தினால் கழற்றி எறிந்துவிட்டுக் கண்ணாடியைப் போடுங்கள்.